சாரத்தின் காசு யார் கணக்கில்? வேலூர் மண்டப விபத்து: ஒரு நிகழ்வு ஆய்வு

மார்கழியில் கல்யாணம் கிடையாது. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து மண்டபக்காரர்கள் பெயிண்ட் அடிப்பது, ஒழுகல் அடைப்பது எல்லாவற்றையும் அந்த ஒரு மாதத்துக்குள் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். தை பிறந்தால் முகூர்த்தம் வந்துவிடும். அந்தத் தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது. இங்கே எழுதும் விபத்து 2022 டிசம்பர் கடைசி வாரத்தில், வேலூரில் அப்படி ஒரு மண்டபத்தில் நடந்தது.

விழுந்தவருக்கு அப்போது 35 வயது. குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம். பதினெட்டு வயதிலிருந்து பெயிண்டர். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறார், இரண்டு பிள்ளைகள் பள்ளியில். பெயர்களையும் மண்டபத்தின் அடையாளத்தையும் தவிர்க்கிறேன். இழப்பீட்டு மனுவுக்கு விவரம் சேகரிக்க அந்தக் குடும்பத்துக்கு உதவியபோது மண்டபத்தைப் பார்த்தேன், ஏணியை அளந்தேன், உடன் வேலை செய்தவர்களிடம் தனித்தனியாகப் பேசினேன். அதிலிருந்து எழுதுகிறேன்.

மருத்துவமனைச் சீட்டில் இந்த விபத்து ஒரே வரியில் இருக்கிறது: படிக்கட்டில் கால் தவறி விழுந்தார். அது எப்படி அங்கே வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். படிக்கட்டு என்பது பொய். கால் தவறியதும் இல்லை. அவர் கால் கடைசி வரை ஏணிப் படியில்தான் இருந்தது. நகர்ந்தது ஏணி.

அன்று நடந்தது

வேலைக்கு ஐந்து பேர்: மேஸ்திரி, மூன்று பெயிண்டர்கள், ஒரு கையாள். மண்டபக்காரர் வேலையை ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தார், அவர் சதுர அடிக் கணக்கில் மேஸ்திரியிடம் விட்டிருந்தார். பட்டி பார்த்து, எமரி போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் பெயிண்ட். கூலி மட்டும் சதுர அடிக்கு 11 ரூபாய். பெயிண்ட் காண்ட்ராக்டர் வாங்கித் தருவார். ஏணி, பலகை, கோக்காலி எல்லாம் மேஸ்திரி பொறுப்பு.

ஹாலின் பக்கச் சுவர் பதினாறு அடிக்கு மேல் உயரம். முதல் நாள் மேஸ்திரி சக்கரம் வைத்த இரும்புச் சாரம் வாடகைக்கு எடுக்கலாமா என்று காண்ட்ராக்டரிடம் கேட்டிருக்கிறார். நாள் வாடகை 600, ஏற்றி இறக்க வண்டிக்கு 1,500. ஐந்து நாள் வேலை என்றால் 4,500 ரூபாய். "அதெல்லாம் வாணாம்பா, ஏணியிலயே முடிச்சிடு. ரேட்டுலயே எல்லாம் சேர்த்துதான பேசினோம்" என்று பதில் வந்திருக்கிறது. மேஸ்திரி தன் பங்கிலிருந்து 4,500 எடுத்தால் அவருக்கு மிஞ்சுவது கையாளின் கூலியைவிடக் குறைவு. சாரம் வரவில்லை.

ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும் சாப்பாட்டு மேசைகளையும் சுவரோரம் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அவற்றை வேறு இடத்துக்கு மாற்ற ஆள் விடவில்லை. அதனால் 18 அடி அலுமினிய ஏணியின் அடிப்பக்கத்தை அந்த அடுக்குக்கு வெளியே, சுவரிலிருந்து எட்டடி தள்ளி வைத்தார்கள். ஏணியின் இரண்டு கால்களில் ஒன்றுக்கு ரப்பர் குப்பி இல்லை. எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. தரை வழவழவென்று பாலீஷ் போட்ட டைல்ஸ். அதன்மேல் காலையிலிருந்து எமரி தேய்த்து உதிர்ந்த பட்டித் தூசி. கேரம் போர்டில் போடும் பவுடர் மாதிரி அவ்வளவு நைசான தூசி.

கையாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் தீர்ந்தது, கலக்க வரச்சொல்லி மேஸ்திரி கூப்பிட்டார், போனார். மேலே இருந்தவர் சுவரும் சீலிங்கும் சேரும் விளிம்பில் பிரஷ்ஷால் கோடு எடுத்துக்கொண்டிருந்தார். இறங்கி ஏணியை நகர்த்தி வைத்து மறுபடி ஏறுவதற்குப் பதிலாக, இன்னும் ஒரு முழம் எட்டுவதற்கு இரண்டு படி மேலே போனார். ஏணி அடியில் சறுக்கியது. குதிகால் முதலில் தரையில் பட்டு, அப்படியே உட்கார்ந்த வாக்கில் விழுந்தார்.

ஏணி ஏன் அந்த இடத்தில் சறுக்கியது?

"காலையிலிருந்து அதே ஏணியில் பத்துத் தடவை ஏறினோம், ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரம்தான் சரியில்லை" என்றார் உடன் வேலை செய்த பெயிண்டர். உண்மையாகவே நம்பிச் சொன்னார். பெரும்பாலான ஏணி விபத்துகளுக்குப் பிறகு இதைக் கேட்கலாம். ஆனால் நேரத்துக்கு இதில் பங்கில்லை. கணக்குப் போட்டால் ஏன் என்று தெரிந்துவிடும்.

சாய்த்து வைத்த ஏணியின் அடி எப்போதும் வெளியே நழுவத்தான் பார்க்கும். அதைத் தடுப்பது தரையின் பிடிமானம் ஒன்றுதான். வெளியே தள்ளும் விசை இரண்டு விஷயங்களால் கூடுகிறது. ஒன்று, ஏணி எவ்வளவு படுத்திருக்கிறது. இன்னொன்று, ஆள் எவ்வளவு மேலே போகிறார். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு நாலுக்கு ஒன்று: ஏணி சாய்ந்திருக்கும் இடம் பதினாறு அடி உயரம் என்றால் அடி சுவரிலிருந்து நாலடியில் இருக்கவேண்டும். இங்கே எட்டடி. சரியாக இரண்டு மடங்கு.

ஆளும் பெயிண்ட் வாளியும் சேர்த்து 70 கிலோ என்று வைப்போம். ஏணியின் சொந்த எடையையும் சுவரின் உரசலையும் விட்டுவிட்டுப் போட்டால்கூட, எட்டடி தள்ளி வைத்த இந்த ஏணியில் கால்வாசி உயரத்தில் நிற்கும்போது அடியை வெளியே தள்ளும் விசை சுமார் 9 கிலோ எடைக்குச் சமம். முக்கால்வாசி உயரத்துக்குப் போனால் 26 கிலோ. அதே முக்கால்வாசி உயரத்தில், நாலடியில் சரியாக வைத்த ஏணி என்றால் 13 கிலோதான்.

ஆக, கீழ்ப் படிகளில் நிற்கும்போது உறுதியாகத் தெரிகிற ஏணி, மேலே போகப்போகப் பிடியை இழந்துகொண்டே வருகிறது. மேலே நிற்பவருக்கு அது காட்டிக்கொடுக்காது. ரப்பர் இல்லாத கால், பட்டித் தூசி, டைல்ஸ் மூன்றும் சேர்ந்தபின் அந்தத் தரை எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது. பத்துத் தடவையும் அந்த எல்லைக்குள்ளேயே வேலை நடந்திருக்கிறது. பதினோராவது தடவை இரண்டு படி கூடுதல். டைல்ஸில் இரண்டு கீறல்கள் இன்னும் இருக்கின்றன. ரப்பர் இல்லாத காலின் கீறல் ஆழமாக, நேராக; மற்றது லேசாக, வளைந்து.

கையாள் பிடித்துக்கொண்டிருந்தால் விழுந்திருக்கமாட்டார் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் 26 கிலோ திடீரென்று நழுவும்போது அதே தூசித் தரையில் நிற்கும் இருபது வயதுப் பையன் என்ன செய்வான்? அவனுடைய செருப்புக்கும் அதே பிடிமானம்தானே. அந்தப் பையன் இன்றுவரை தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இதை எழுதுவதற்கு அவனும் ஒரு காரணம். மேல் நுனியைக் கட்டியிருந்தால், அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் தடுப்புக் கட்டையும் இருந்திருந்தால், நாற்காலி அடுக்கை நகர்த்தியிருந்தால், ஒருவர் பிடிக்கவேண்டிய நிலையே வந்திருக்காது. ஐ.எஸ். 3696 என்ற இந்தியத் தரக் குறியீட்டின் இரண்டாம் பகுதி முழுக்க ஏணிக்கே எழுதியது. அந்த ஹாலில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை, கேள்விப்படும்படி யாரும் செய்யவும் இல்லை.

சரி, ஏணியை ஒழுங்காக வைத்திருந்தால் போதுமா என்றால், இந்த வேலைக்குப் போதாது என்பதுதான் என் கருத்து. ஏணி ஏறி இறங்குவதற்கானது. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் பிரஷ், கழுத்தை நிமிர்த்தி நாள் முழுக்க சீலிங் விளிம்பு பார்க்கும் வேலைக்கு நிற்க ஒரு தளம் வேண்டும், அதைச் சுற்றிக் கைப்பிடி வேண்டும், சக்கரத்துக்குப் பூட்டு வேண்டும். அந்தத் தளத்தின் விலைதான் 4,500 ரூபாய்.

விழுந்த பிறகு அரை மணி நேரம்

பதினாறு அடியில் முக்கால்வாசி பன்னிரண்டு அடி, அதாவது மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து தடையில்லாமல் விழுந்தால் ஒரு விநாடிக்குள் தரை வந்துவிடும், அப்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். இவர் ஏணியோடு சரிந்ததால் கொஞ்சம் குறைந்திருக்கலாம். முதலில் குதிகால் எலும்பு நொறுங்கியது. அந்த அடி காலைத் தாண்டி இடுப்பு வழியாக முதுகெலும்பில் போய் இறங்கியது. மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடத்தில் இடுப்பு முதுகெலும்பின் முதல் எலும்பு வெடித்து, துண்டு ஒன்று தண்டுவடக் குழாய்க்குள் நீண்டது.

உயரத்திலிருந்து பாதம் ஊன்றி விழுந்து குதிகால் உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும் என்று எலும்பு மருத்துவப் பாடம் சொல்கிறது. குதிகாலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர் முதுகைப் பற்றிச் சொல்லாமலே இருக்கலாம். காலின் வலி அதை அமுக்கிவிடும். இவரும் முதலில் குதிகாலைத்தான் காட்டினார்.

உடன் இருந்தவர்கள் பதறி ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தார்கள். சோடா கொடுத்தார்கள். "மேஸ்திரிண்ணா, காலு மரத்துப்போன மாதிரி இருக்குதுண்ணா" என்று அப்போது சொல்லியிருக்கிறார். அதாவது உணர்வு முழுதாகப் போயிருக்கவில்லை. அப்புறம் ஒருவர் கக்கத்திலும் இன்னொருவர் முழங்காலிலும் கை கொடுத்து, நடு உடம்பு தொங்கத் தூக்கிக்கொண்டுபோய் ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்தார்கள். மருத்துவமனைக்குப் போய்ச்சேர்ந்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தண்டுவடம் விழுந்தபோதே நசுங்கியதா, தூக்கும்போதும் ஆட்டோ குலுங்கும்போதும் மிச்சமும் போனதா என்று மருத்துவர்களால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. என்னாலும் முடியாது.

அந்த நண்பர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்பாலும் அவசரத்தாலும் செய்ததுதான். ஆனால் உயரத்தில் வேலை செய்கிற ஒவ்வொரு குழுவுக்கும் இதைத் தெரியச்செய்தாக வேண்டும். விழுந்தவரை விழுந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தலையை இரண்டு பக்கமும் பிடித்து அசையாமல் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். எழுப்பாதீர்கள், உட்காரவைக்காதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் அது இலவசமாக ஓடுகிறது, முதுகுக்குப் பலகையோடு வரும். நகர்த்தியே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், நாலைந்து பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கோட்டில் வருமாறு ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையில் ஏற்றுங்கள். அந்த ஹாலில் எட்டடி நீளப் பலகை ஒன்று கோக்காலிகள்மேல் கிடந்தது. அதைப் பயன்படுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மருத்துவமனையில் விவரம் கேட்டபோது பதில் சொன்னது காண்ட்ராக்டரோடு வந்தவர். "வீட்டுப் படிக்கட்டுல கால் தவறி விழுந்துட்டாரு." அதுவே விபத்துப் பதிவேட்டில் ஏறியது. மனைவி குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்துசேர்வதற்குள் அது எழுதி முடிந்துவிட்டது. பின்னால் இழப்பீடு கேட்கும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டிய காகிதம் அதுதான். வேலை செய்யும் இடத்தில் விழுந்தவரை யார் கூட்டிப்போனாலும், எங்கே, எதன்மேலிருந்து, யாருடைய வேலையில் விழுந்தார் என்று அவர் வாயாலோ குடும்பத்தின் வாயாலோ சொல்லிப் பதியவையுங்கள். தப்பாகப் பதிந்திருந்தால் அன்றே எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

சட்டம் எங்கே இருந்தது?

இதே ஏணி ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் தொழிற்சாலைக்குள் நின்றிருந்தால் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-ஆவது பிரிவு பேசியிருக்கும். விழ வாய்ப்புள்ள உயரத்தில் ஒருவர் வேலை செய்தால் வேலியோ வேறு ஏற்பாடோ செய்யவேண்டும் என்று அது சொன்னது. அங்கேயும் ஈரம் சொட்டும் டிரம் மேடையிலிருந்து வழுக்குவதும், பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறி ஷீட் உடைந்து உள்ளே விழுவதும் நிற்கவில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஓர் ஆய்வாளர் இருக்கிறார். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் வருட மத்தியச் சட்டமோ பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. இங்கே ஐந்து பேர். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இவர் பெயர் பதிந்திருந்தது, ஆனால் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். வேலை நாளை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலையவேண்டுமே என்று தள்ளிப்போட்டது.

மிஞ்சியது 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இந்த மூன்று சட்டங்களுக்கும் பதிலாக 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, ஆனால் விபத்து நடந்த நாளில் நடப்பில் இருந்தது அதுதான்; கீழே வரும் கணக்கும் பிரிவுகளும் அதனுடையவை. நிரந்தர முழு ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கு உரிய காரணியால் பெருக்கவேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது அதிகபட்சம் 15,000 ரூபாய். 35 வயதுக்குக் காரணி 197.06. ஆக 9,000 பெருக்கல் 197.06: 17,73,540 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாத தாமதம் என்றால் அதன்மேல் 50 சதவீதம் வரை அபராதம்.

மூன்று தடைகள் வந்தன. முதலாவது, குடித்திருந்தார் என்ற பேச்சு. மருத்துவச் சீட்டில் அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வாதம் செல்லாது என்று சட்டத்தின் 3-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. இரண்டாவது, விபத்து நடந்த அடுத்த வாரம் மனைவியிடம் வாங்கிய கையெழுத்து. ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று முத்திரைத் தாளில் எழுதி வாங்கியிருந்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டவேண்டிய நாள், அவர் படிக்காமல் போட்டார். ஊரில் எல்லோரும் "கையெழுத்துப் போட்டாச்சே, இனிமே என்ன பண்றது" என்றார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தத் தாளுக்குப் பயந்து, மனு போட அந்தச் சட்டம் தந்த இரண்டு வருடக் கெடுவைத் தவறவிட்ட வேறு குடும்பங்களையும் எனக்குத் தெரியும், அதனால் இதை அழுத்தியே எழுதுகிறேன்.

மூன்றாவது தடைதான் உண்மையிலேயே கடினம்: முதலாளி யார்? கூலி கொடுத்தவர் மேஸ்திரி. அவரிடம் 17 லட்சம் இல்லை, காப்பீடும் இல்லை. அவரும் நேற்றுவரை அதே ஏணியில் ஏறியவர். காண்ட்ராக்டருக்குப் பெயிண்ட் வேலையே தொழில் என்பதால், கீழே யாரிடம் விட்டிருந்தாலும் 12-ஆவது பிரிவில் அவரைப் பொறுப்பாக்க வழி இருக்கிறது. மண்டபக்காரர் விஷயம் வேறு. ஒப்படைத்த வேலை அவருடைய தொழிலின் வழக்கமான பகுதியாக இருந்தால்தான் அந்தப் பிரிவு அவரைப் பிடிக்கும். மண்டபத்தை வாடகைக்கு விடுவது என் தொழில், பெயிண்ட் அடிப்பது இல்லை என்கிறார். சாரம் வேண்டாம் என்ற முடிவால் பணம் மிச்சமானவர்கள் மேலே இருக்கிறார்கள். பொறுப்போ கீழே, கொடுக்க ஏதும் இல்லாதவரிடம் வந்து நிற்கப் பார்க்கிறது.

கைகள் நன்றாக இருக்கின்றனவே, முழு ஊனம் எப்படி என்றும் கேட்டார்கள். 1968-இல் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்யமுடியாது, ஆகவே அது முழு ஊனம்தான் என்பதை 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் இழந்தது எந்தத் தொழிலைச் செய்யும் சக்தியை என்று பார்க்கவேண்டும். நிற்கமுடியாத பெயிண்டருக்கும் அதே நியாயம்தான்.

இப்போது

வேலூரில் விழுந்ததில் ஒரு விஷயம் இவருக்குச் சாதகம். 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த ஊர் இது. பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-லேயே வந்துவிட்டது. தண்டுவடம் அடிபட்டவர் எப்படி வாழ்வது என்பதை அறிந்த சிகிச்சையாளர்கள் இந்த ஊரில் இரண்டு தலைமுறையாக இருக்கிறார்கள். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க, தானே குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க, நாற்காலியில் அடிக்கடி கையூன்றி இடுப்பைத் தூக்கிப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள அவரும் மனைவியும் கற்றுக்கொண்டார்கள். இரவில் புரட்டுவது மனைவி. பகலில் பீடி. வீட்டு வாசல்படியை உடைத்துச் சாய்வுதளம் போட்டது, கூட வேலை செய்த அந்த நாலு பேர்.

மனு தொழிலாளர் துணை ஆணையர் முன் இருக்கிறது. காண்ட்ராக்டர் தரப்பு படிக்கட்டுக் கதையைக் கைவிட்டுவிட்டது, டைல்ஸ் கீறலின் படங்களும் நாலு பேரின் சாட்சியும் அதற்கு உதவின. மண்டபக்காரரின் பொறுப்பு பற்றிய வாதம் இன்னும் ஓடுகிறது.

மேஸ்திரி எஸ்டிமேட் எழுதும் முறையை மாற்றிக்கொண்டார். சதுர அடிக் கூலி ஒரு வரி. பத்தடிக்கு மேல் போகும் சுவர் என்றால் சாரம் வாடகை, வண்டிக் கூலி, ஆட்களுக்கான காப்பீடு மூன்றும் தனித்தனி வரி. கூலியில் பேரம் பேசலாம், இந்த மூன்றிலும் பேச்சில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். போன மார்கழியில் இரண்டு மண்டபக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். காட்பாடியில் ஒருவர் மட்டும் எதற்கு இதெல்லாம் என்று கேட்டு, இவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, நாற்காலிகளை வெளியே எடுத்துவைக்கத் தன் ஆட்களையே அனுப்பினார்.